முறுக்கு அச்சும் படவில்லையும்: வார்ப்புருவை முறையாகப் பயன்படுத்துவோம்



முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு இறுதி விடுமுறையில் சுங்கை சிப்புட் பக்கம் இருந்த ஒரு பழைய தோட்டத்து மக்களை எங்கள் கிளை ஒன்றுகூட்டியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் உடைக்கப்பட்டுவிட்டன. கோயில் மண்டபம் மட்டும் இருக்கிறது. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போன குடும்பங்கள் அன்று வந்திருந்தன. தோட்டத்தின் கதையைப் படவில்லைகளாகச் செய்யும் பொறுப்பு எனக்கு. "பொறியியல் படிக்கிற பையன், கம்ப்யூட்டர்லாம் நல்லா தெரியும்" என்று தலைவர் அண்ணன் நம்பிக் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? முதல் நாள் இரவு உட்கார்ந்து, விடியற்காலை மூன்று மணி வரை 34 படவில்லைகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் எழுத்துப் பெட்டி வரைந்து, நிறம் மாற்றி, சின்னம் ஒட்டி, எல்லாம் கையால். அழகாக இருக்கட்டும் என்று பழைய எழுத்துரு ஒன்றையும் எங்கிருந்தோ இறக்கிப் போட்டேன்.

மறுநாள் மண்டபத்துக் கணினியில் பெண்டிரைவைச் செருகினால், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள். தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் வந்தபோது முன்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, எங்க பேரையெல்லாம் இங்கிலீசுல எழுதிட்டியா?"

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. செயலாளர் அக்காதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பெயர்களைச் சத்தமாக வாசித்தார். நிகழ்ச்சி தப்பியது. ஆனால் இரண்டு மாதம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த படங்களையும் பெயர்களையும் அந்த மக்கள் சரியாகப் பார்க்காமலே போனார்கள்.

அதற்குப் பிறகுதான் வார்ப்புரு என்ற ஒன்றை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நான் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். கிளைக் கூட்டம், சமய வகுப்பு, பள்ளி ஒப்படைப்பு, பல்கலைக்கழகப் படைப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

1. வார்ப்புரு என்றால் என்ன?

தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு வேறு, அச்சு வேறு. ஒவ்வொரு முறுக்கையும் யாரும் கையால் வளைத்து முள் வைப்பதில்லை. அச்சை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு நம் கவனமெல்லாம் மாவின் பதத்தில்தான். படவில்லையில் நாம் சொல்லும் செய்திதான் மாவு. எழுத்துரு, அளவு, நிறம், சின்னம், படம் வரும் இடம் இவையெல்லாம் அச்சு. அந்த அச்சுக்குப் பெயர்தான் வார்ப்புரு.

ஒரு வித்தியாசம் உண்டு. முறுக்கைப் பிழிந்த பிறகு அச்சை மாற்றினால் பழைய முறுக்கு மாறாது. ஆனால் நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு படைப்பில் அடிப்படை அச்சை மாற்றினால், ஏற்கெனவே செய்த 34 படவில்லைகளும் ஒரே நொடியில் மாறும். இதுதான் நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் பெரிய வசதி.

பவர்பாயிண்ட் 1987-இல் வந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ் தலைமையில் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காக அதைச் செய்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முதல் பதிப்பின் வேலை, ஓ.எச்.பி. கருவியில் வைக்கும் ஒளிபுகும் தாள்களைத் தயாரிப்பது. நான் மூன்று மணி வரை கையால் செய்த வேலையைக் குறைக்கத்தான் இந்த மென்பொருளே பிறந்தது!

2. மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்லைடு மாஸ்டர்: எல்லாப் படவில்லைகளுக்கும் தாய். இங்கே வைத்த சின்னம் எல்லாவற்றிலும் வரும்.

லேஅவுட்: தாயின் பிள்ளைகள். தலைப்புப் பக்கம், கருத்துப் பக்கம், படப் பக்கம் என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் அமைப்பு.

பிளேஸ்ஹோல்டர்: அந்த அமைப்பில் எழுத்தோ படமோ வந்து உட்காரும் இடம். 'இங்கே தலைப்பைத் தட்டவும்' என்று ஆங்கிலத்தில் காட்டும் பெட்டி இதுதான். நானோ அதை அழித்துவிட்டுச் சொந்தமாகப் பெட்டி வரைந்தேன். நாமாக வரையும் பெட்டி தாய் சொல் கேட்காது. மாஸ்டரில் அளவையோ இடத்தையோ மாற்றினாலும் அது அசையாது.

3. கிளைக்கு ஒரு வார்ப்புரு செய்வோம்

முதல் படி, அளவு. புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து, 'டிசைன்' பகுதியில் 'ஸ்லைடு சைஸ்' பாருங்கள். இப்போதைய பவர்பாயிண்ட் 16:9 என்ற அகன்ற அளவில் திறக்கும். மண்டபத்தில் பழைய ஒளிவீழ்த்தி இருந்தால் அது 4:3 ஆக இருக்கலாம். அப்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சிறுத்துவிடும். எனவே இதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் எல்லாம் இடம் மாறும்.

இரண்டாம் படி, 'வியூ' போய் 'ஸ்லைடு மாஸ்டர்' அழுத்துங்கள். இடப்பக்கம் மேலே பெரிதாகத் தெரிவது தாய், அதன் கீழே சிறிதாக இருப்பவை பிள்ளைகள். பலர் கீழே உள்ள ஒன்றை மாற்றிவிட்டு, "மத்ததுல வரலையே" என்று குழம்புவார்கள். மேலே உள்ளதைத் தேர்ந்தெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி, எழுத்துரு. நான் சறுக்கிய இடம் இது, கவனமாகப் படியுங்கள். பழைய வகைத் தமிழ் எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, ஆங்கிலம் தெரியும். யூனிகோடில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். விண்டோஸில் நிர்மலா யூ.ஐ. உண்டு. ஆப்பிள் கணினியில் இணைமதி உண்டு. அதை உருவாக்கியவர் முரசு அஞ்சல் தந்த நம் மலேசியர் முத்து நெடுமாறன் என்பது நமக்குப் பெருமை. மாஸ்டரில் தலைப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றுங்கள், பிறகு உடற்பகுதிப் பெட்டிக்கும் அப்படியே. வெளியே வந்து ஒரு வரி தமிழில் தட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நான்காம் படி, எழுத்தளவும் இடமும். இறக்குமதி செய்யும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் சொற்கள் நீளம். 'ஒருங்கிணைப்பாளர்', 'பரிசளிப்பு விழா' என்று போட்டால் தலைப்பு மடிந்து படத்தின் மேல் ஏறும். அதனால் தலைப்புப் பெட்டியை இரண்டு வரி கொள்ளும்படி விரித்து வையுங்கள். தலைப்பு 36 புள்ளி, உடற்பகுதி 28 புள்ளி என்பது என் கணக்கு. 24-க்குக் கீழே போகவே வேண்டாம். கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஐந்தாம் படி, நிறம். நமக்குக் காவிப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால் ரொம்பப் பிடிக்கும். கணினியில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபத்தில் விளக்கு எரியும், கதவும் திறந்திருக்கும். அங்கே அது வெளிறிப் போய்விடும். வெளிர் பின்னணியில் கருநிற எழுத்துதான் பாதுகாப்பு. காவியை ஓரத்தில் ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி, அமைப்புகள். தயாராக வரும் பிள்ளைகளில் வேண்டாதவற்றை நீக்கி ஐந்தை மட்டும் வையுங்கள்: தலைப்பு, கருத்து, முழுப்படம், படமும் குறிப்பும், நிறைவு. படப் பக்கங்களில் 'இன்சர்ட் பிளேஸ்ஹோல்டர்' வழியாகப் படத்துக்கான இடத்தைப் போடுங்கள். அதற்குள் வைக்கும் படம் இழுபடாது, ஓரம் வெட்டப்பட்டுப் பொருந்தும். நான் பக்கவாட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்ததில் ஒரு தாத்தாவின் முகம் பூசணிக்காய் போல் ஆகிவிட்டது. அவர் குடும்பத்தாரிடம் இருந்த ஒரே படம் அது.

ஏழாம் படி, சேமிப்பு. 'சேவ் ஆஸ்' கொடுத்து, கோப்பு வகையில் 'பவர்பாயிண்ட் டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கோப்பின் பின்னொட்டு பி.பி.டி.எக்ஸ்., வார்ப்புருவுக்கு பி.ஓ.டி.எக்ஸ். இதை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெயரில்லாத புதிய கோப்பாகத்தான் திறக்கும். அதனால் மூல அச்சு கெடாது. போன ஆண்டுக் கோப்பைத் திறந்து, பழையதை அழித்து, அதன் மேலேயே சேமித்து இரண்டையும் இழப்பது நம் கிளைகளில் வழக்கம். அது இனி வேண்டாமே.

கூகுள் ஸ்லைட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் இரண்டிலும் இதே மாஸ்டர் முறை உண்டு. பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

4. பயன்படுத்தும்போது

முதலில் 'அவுட்லைன் வியூ' திறந்து செய்தியை மட்டும் வரிசையாகத் தட்டுங்கள். அலங்காரம் கண்ணில் படாததால் யோசனை தெளிவாக ஓடும்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் பேராக் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தனைப் பற்றிப் பேசுகிறீர்கள். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தார், 1955-இல் ம.இ.கா. தலைவரானார், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் தாங்களே நிலம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இதையெல்லாம் ஒரே படவில்லையில் பத்தியாகப் போட்டால் கூட்டம் வாசிக்கத் தொடங்கிவிடும், உங்களைக் கேட்காது. மூன்றாகப் பிரியுங்கள். முதலில் முழுப்பட அமைப்பில் அவர் படம். அடுத்து, படமும் குறிப்பும் அமைப்பில் தோட்டம் துண்டாடப்பட்ட செய்தி. கடைசியாகக் கருத்து அமைப்பில் ஒரே வரி: "1960: தொழிலாளியே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்." மற்றதை நீங்கள் வாயால் சொல்லுங்கள்.

புதிய படவில்லை வேண்டுமென்றால் 'நியூ ஸ்லைடு' பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டி, அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது கலைந்துவிட்டால் 'ரீசெட்' போதும், எல்லாம் இடத்துக்குத் திரும்பும். இன்னொரு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் 'யூஸ் டெஸ்டினேஷன் தீம்' கொடுங்கள். அப்போதுதான் அது நம் உடுப்பைப் போட்டுக்கொள்ளும்.

நிகழ்ச்சிக்கு முன் இரண்டு காரியம். பி.டி.எஃப். நகல் ஒன்றைக் கூடவே கொண்டு போங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய் அங்குள்ள கணினியிலேயே ஓட்டிப் பார்த்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசியுங்கள். உங்களுக்கே கண் இடுங்கினால், பாட்டிகளுக்கு எப்படித் தெரியும்?

5. யாருக்காக இந்த அச்சு?

நம் கிளைகளில் பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், இன்னொருவர் சபாவுக்குப் படிக்கப் போகிறார். அவர்களோடு கோப்பும் போய்விடுகிறது. அடுத்தவர் மறுபடி சூன்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார். வார்ப்புருவால் மிச்சமாகும் நேரத்தைவிட, அடுத்தவர் கையில் அது போய்ச் சேர்வதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

இந்த ஆண்டு பொங்கலுக்கு அதே மண்டபத்தில் மறுபடி கூடினோம். பெயர்களையெல்லாம் யூனிகோடில் புதிதாகத் தட்டினேன், அந்த வேலைக்குக் குறுக்குவழி தேடவில்லை. அமைப்பு வேலை மொத்தமே ஒரு மாலைப் பொழுதுதான். படிவம் 5 படிக்கும் தங்கை ஒருவர், வார்ப்புருவை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் பாட்டி வீட்டில் கிடைத்த படங்களை வைத்து ஆறு படவில்லைகள் செய்து கொண்டுவந்தார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருடையது எது, என்னுடையது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெயர்ப் பட்டியல் வந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் "எங்கப்பா", "எங்க அத்தை" என்று குரல் கொடுத்தார்கள். அதே பாட்டி இந்த முறை சொன்னார்: "பெரட்டுல பேர் கூப்புடற மாதிரியே இருக்கு தம்பி. இப்ப எழுத்தும் தெரியுது."

உங்களுக்கு ஒரு பயிற்சி. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் மேலே சொன்ன ஏழு படிகளையும் செய்து, ஐந்து அமைப்புகள் கொண்ட ஒரு வார்ப்புருவை உருவாக்குங்கள். உங்களைவிடச் சின்னவர் ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று படவில்லைகள் செய்யச் சொல்லுங்கள். அவர் திணறும் இடம் எதுவோ, அச்சில் அங்கேதான் குறை. அதைத் திருத்திய பிறகு கிளையின் பொதுக் கோப்புறையில் போட்டுவிடுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை.