பணம் எந்த பேங்குக்குப் போகுது?



மாதக் கூட்டத்தில் நாம் சேமிப்பு நூறு ரூபாய் கட்டுகிறோம். ஊக்குநர் அதை ரொக்கப் புத்தகத்தில் எழுதுகிறார், பேரேட்டில் எழுதுகிறார், நம் பாஸ்புக்கிலும் எழுதுகிறார். ஒன்றில் எழுதியது மற்றதில் தானாக ஏறாது. எதிலாவது விட்டுப்போனால் தணிக்கை அன்று கணக்கு இடிக்கும்.

அரசாங்கக் கம்ப்யூட்டர்களும் இப்படித்தான். ஆதார் ஒன்றில் இருக்கிறது, ரேஷன் அட்டை வேறொன்றில், பேங்க் கணக்கு இன்னொன்றில். கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் இனிஷியலை ஆதாரில் போடுகிறோம். எல்லா இடத்திலும் மாறிவிட்டது என்று இருந்துவிடுகிறோம். மாறாது. பூங்குழலி என்ற பெயரில் வரும் ழ-வை ஆங்கிலத்தில் ஒரு ஆபீசில் ‘இசட்-எச்’ என்று எழுதுவார்கள், இன்னொன்றில் ‘எல்’ என்று எழுதுவார்கள். ஊருக்கே தெரியும் ஒரே பூங்குழலி என்று. கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலி ஆதார் வழியாகத்தான் என்று ஆனபோது, ஜாப் கார்டு பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாதவர்கள் அலைந்தது இதனால்தான்.

பெயர் சரியாக இருந்தும் பணம் வராமல் போவதுண்டு. ஆதார் வழியாக அனுப்பும் பணம் நம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. மும்பையில் உள்ள தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்.பி.சி.ஐ.) ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்று அதில் இருக்கும். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் ஒரே நேரத்தில் மதகு திறக்கலாம். இங்கே ஒரு ஆதாருக்கு ஒரே மதகுதான். கடைசியாக எந்த பேங்கை இணைத்தோமோ, அங்கேதான் பாயும்.

தெருவுக்கே வந்து புதுக் கணக்கு ஆரம்பித்துத் தருகிறார்கள், நாமும் விரலை வைக்கிறோம். அந்தப் படிவத்தில் மானியப் பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றச் சம்மதம் என்றும் ஒரு வரி இருக்கலாம். 2017-ல் ஏர்டெல் சிம் கார்டைச் சரிபார்க்க விரல் வைத்தவர்கள் பலருக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்கில் கணக்கு தொடங்கி, காஸ் மானியம் அங்கே போய்விட்டது என்று நாடு முழுவதும் புகார் எழுந்தது. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அவர்களுடைய ஆதார் சரிபார்ப்பையே தற்காலிகமாக நிறுத்தியது. ஆகவே எதற்கு விரல் என்று கேட்காமல் வைக்காதீர்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

“பேங்கில்தான் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தாச்சே” என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கொடுப்பது அடையாளத்துக்கு. அந்தப் பட்டியலில் ஏற்றுவது தனி வேலை. அதற்குத் தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது என்றால், அவன் போனை எடுக்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள். நம்பரை உங்களுடையதாக மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. அதற்கு ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம்.

பெயர் திருத்தம் என்றால் முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். மற்ற இடங்களில் அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பிறகு அதே எழுத்து, அதே இனிஷியலோடு பேங்கிலும் ரேஷன் அட்டையிலும் மாற்றுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் மூன்றையும் கொண்டுவாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்ப்போம்.