கிடாய் பாதி மந்தை



1990 ஒக்டோபரிலும் 2007 செப்டெம்பரிலும் சிலாவத்துறைப் பகுதி மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. இழந்தவர்கள் சில ஆடுகளோடுதான் மந்தையை மறுபடி தொடங்க முடியும். ஆபத்தும் அங்கேதான். அதே மந்தையில் பிறந்த கிடாயைத் தாயோடும் உடன்பிறந்த மறிகளோடும் சேரவிட்டால், தலைமுறைக்குத் தலைமுறை குட்டிகள் நலியும்.

வாங்கும்போது:

1. வேறு ஊர் மந்தையில் தேடுங்கள். இரட்டைக் குட்டியில் ஒன்றானால் நல்லது.
2. கீழ்த்தாடையின் முன்னே இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஒரு வயது கடந்தது எனலாம்.
3. விதைகள் இரண்டும் சம அளவாக, கட்டியின்றி இருக்க வேண்டும். நொண்டும் கிடாய் வேண்டாம்.

வாங்கிய பின்:

1. மூன்று வாரம் தனியே கட்டி, நோய் உண்டா என்று பாருங்கள்.
2. விந்து உருவாக ஏறக்குறைய ஏழு வாரம் செல்லும். ஆகவே இரண்டு மாதம் முன்பிருந்தே நல்ல தீன் கொடுங்கள்.
3. ஒரு கிடாய்க்கு 25 மறிகள் போதும்.
4. செப்டெம்பரில் சேரவிட்டால், மாரி ஓய்ந்து புல் நிற்கும் பெப்ரவரியில் குட்டி கிடைக்கும்.
5. மகள் மறிகள் பருவத்துக்கு வருமுன் கிடாயை மாற்றுங்கள்.

தனியே வாங்க இயலாவிடில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். பின்னர் அயலூரோடு மாற்றிக்கொள்ளலாம்.

கலந்துரையாட: நமது கிடாய் எந்த மந்தையில் பிறந்தது?