வெண்மேனிக் காவலன்

கேள்வி: இராஜபாளையம் நாய் அருகிப்போனது ஏன்? மீண்டும் தழைக்கிறதா?

பதில்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இராஜபாளையத்தில், தோட்டக் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இன்றியமையாத துணையாக விளங்கிய இவ்வுத்தம ஜாதி, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை ஒழிந்தபின், அந்நிய தேசத்து நாய்களின்மீது நம்மவருக்கு மோகமும் மிகுந்துவிடவே, ஆதரிப்பாரின்றி க்ஷீணித்தது. போதாக்குறைக்கு, பால்போன்ற வெண்ணிறத்தையும் ரோஜா நிற மூக்கையுமே லக்ஷணமெனக் கருதி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால், குட்டிகள் சில பிறவிச் செவிடாயின. பெயர் சொல்லி எத்தனை முறை அழைத்தாலும் தலை திருப்பாத குட்டியைக் காண்பது பெரும் வேதனை. ஆயினும், ஊரில் வம்சம் காத்த வளர்ப்போரும், சென்னை சைதாப்பேட்டையில் அரசு நடத்திய இனப்பெருக்கப் பிரிவும் இதனை ரக்ஷித்தனர். 2005-இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. வாங்க எண்ணினால், செவி கேட்கிறதா என்றறிய, குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பாருங்கள். ஓடித் திரிய இடமில்லாத வீட்டில் அடைத்துவிடாதீர்கள்.