பாஸ்போர்ட்டும் ஊர்ப் பதிவேடும்

அயல் நாடு செல்வோர் என்றால் மேற்படிப்புக்குப் போகும் நகரத்து இளைஞரும், வியாபாரத்தின் பொருட்டுப் போகும் செல்வருமே என்று எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. இன்று இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் பல கிராமங்களில், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவரேனும் வேலை செய்யாத தெருவைக் காண்பது அரிது. கொத்து வேலை, மின்சார வேலை, சமையல், வண்டி ஓட்டுதல் எனத் தொழில் எதுவாயினும், அவர் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, கடன் தீர்கிறது, தங்கையின் திருமணம் நடைபெறுகிறது. இத்தனைக்கும் முதற்படி முப்பத்தாறு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம். அது கைக்கு வந்து சேர ஏன் தாமதமாகிறது, தாமதத்தை நீக்க என்ன மாறுதல்கள் செய்யப்பட்டன, இன்னும் எந்த இடத்தில் முடிச்சு அவிழாமல் இருக்கிறது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் மனமிரங்கித் தரும் சலுகை என்னும் எண்ணம் நம் மக்களிடையே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. 1967-ம் ஆண்டு வரை நிலைமையும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. வழங்குவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் மாதம், சத்வந்த் சிங் சாஹ்னி என்பார் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே, ஜூன் 24-ம் தேதி, பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும், மேல் முறையீடு செய்து கொள்ளலாம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளவை. உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் உரிமைக்கும் கைக்குமிடையே கோப்பு ஒன்று நின்றது.

முன்னாட்களில் மனுச் செய்த விதத்தை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே பலர் உளர். கிராமத்தார் இரவுப் பேருந்தில் புறப்பட்டு, விடியுமுன் அலுவலக வாசலில் வரிசையில் நிற்பர். படிவத்தை நிரப்பித் தரவும், வரிசையில் முன்னே நிறுத்தவும் தரகர்கள் அங்கே காத்திருப்பர். மனுவைக் கொடுத்த பின் அது எந்த மேசையில் இருக்கிறது என்று அறிய மற்றொரு பிரயாணம். அதற்கு மற்றொரு நாட் கூலி நஷ்டம்.

இந்நிலையை மாற்றும் பொருட்டு 2007-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை பாஸ்போர்ட் சேவைத் திட்டத்துக்கு இசைவளித்தது. கணினி ஏற்பாடுகளை அமைத்து நடத்தும் பணி 2008-ல் டாட்டா கன்ஸல்டன்ஸி சர்வீஸஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010-ல் பெங்களூரிலும் சண்டிகாரிலும் சோதனையாகத் தொடங்கி, 2012 ஜூனுக்குள் நாடெங்கும் 77 சேவை மையங்கள் திறக்கப்பட்டன. 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தபால் நிலையத்திலேயே மனுப் பெறும் முறை தொடங்கிற்று. பின்னர் அது நம் மாநிலத்து ஊர்கள் பலவற்றிற்கும் வந்து, பிரயாணத் தொலைவைக் குறைத்துள்ளது.

அத்தகைய சேவை மையம் ஒன்றில் நாம் ஒரு நாள் காலை அமர்ந்து கவனித்தோம். மனுதாரர் இணைய வழியே முன்னரே மனுவை நிரப்பி, கட்டணம் செலுத்தி, நாளும் நேரமும் பெற்று வருகிறார். டோக்கன் தருகின்றனர். ‘ஏ’ கவுண்ட்டரில் நிறுவனத்தின் ஊழியர் படம் எடுத்து, விரல் ரேகை பதிந்து, சான்றுகளைக் கணினியில் ஏற்றுகிறார். ‘பி’ கவுண்ட்டரில் அரசாங்க அலுவலர் மூலச் சான்றுகளைச் சரிபார்க்கிறார். ‘சி’ கவுண்ட்டரில், பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரி இருக்கிறார். வேலையில் தனியாரின் கை இருந்தாலும் முடிவு அரசாங்கத்தின் கையிலேயே உள்ளது. காகிதம் சரியாக இருப்பவர் வெகு நேரம் காத்திராமல் வெளியே வந்துவிடுகிறார்.

காகிதம் சரியாக இராதவர் ‘பி’ கவுண்ட்டரிலேயே நின்று விடுகிறார். அன்று இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அப்படி நின்றார். பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் அவர் தந்தையின் பெயர் சண்முகம். ஆதார் அட்டையில் சண்முகவேல். இருவரும் ஒருவரே என்பது ஊரறிந்த செய்தி, கணினி அறியாது. திருத்தம் செய்து திரும்ப அவருக்கு ஐந்து வாரங்கள் ஆயின என்றும், அதற்குள் வேலைக்கு அழைத்த கம்பெனி வேறு ஆளை எடுத்துக் கொண்டது என்றும் பின்னர் அவர் நமக்குச் சொன்னார். அச்சிடுவதில் நேர்ந்த தாமதம் அன்று இது. பதினாறு ஆண்டுகளுக்கு முன், பள்ளியில் சேர்த்த அன்று எழுதிய ஒரு வரியில் தொடங்கிய தாமதம்.

பெயர் விஷயத்தில் தமிழருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வது நம் வழக்கம். பாஸ்போர்ட் மனுவோ முதலெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதக் கேட்கிறது. ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயரின் கட்டத்தில் எழுதுகிறார். மற்றொருவர் அக்கட்டத்தை வெறுமையாக விடுகிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் பார்வையாளராக வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, வெறுமையாக விட்டவர்கள் திகைத்துப் போயினர். தந்தையின் பெயர் பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தாலும் போதும் என்று பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. இனி மனுச் செய்வோர் இரு கட்டங்களையும் நிரப்புவதும், ஆங்கில எழுத்துக்களை எல்லாச் சான்றுகளிலும் ஒரே விதமாக வைத்துக்கொள்வதும் உசிதம்.

பிறந்த தேதி அடுத்த முடிச்சு. பள்ளியில் சேர்ப்பதற்கு வயது போதவில்லை என்று ஆசிரியரும் பெற்றோரும் கூடி ஒரு தேதியைக் கற்பித்த வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது, நல்லெண்ணத்துடனேயே செய்தனர். 1989 ஜனவரி 26-ம் தேதியும் அதன் பின்னரும் பிறந்தோர் பிறப்புச் சான்றிதழே தரவேண்டும் என்ற விதி, 2016 டிசம்பரில் தளர்ந்து, பள்ளிச் சான்று, ஆதார் முதலியவையும் ஏற்கப்பட்டன. ஆனால் 2025-ல் செய்த திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம்.

காவல் துறை விசாரணையைப் பற்றிப் பலரும் குறை கூறுவர். பாஸ்போர்ட் மத்திய அரசின் பொறுப்பு. காவல் துறை மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே மனு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் வழியே உள்ளூர்க் காவல் நிலையத்தை அடைந்து, மீண்டும் அவ்வழியே திரும்ப வேண்டும். இப்போது கணினி வழியே செல்வதால் வேகம் கூடியுள்ளது. எனினும் திருப்பூரில் பனியன் வேலை செய்துகொண்டு சொந்த ஊர் விலாசத்தில் மனுச் செய்தவரைத் தேடிக் காவலர் வந்தால், “விலாசத்தில் ஆள் இல்லை” என்ற குறிப்பே போகும். வசிக்குமிடத்தின் விலாசத்தையே கொடுப்பது நன்று. விசாரணைக்கு வருபவருக்குத் தனியே பணம் தர வேண்டியதில்லை என்பதையும் இங்குக் கூறிவிடுகிறோம்; இதனைக் கூற வேண்டியிருப்பதே வருந்தத்தக்கது.

2024 ஏப்ரலில் புவனேசுவரத்திலும் நாகபுரியிலும் சோதனையாகத் தொடங்கிய மின்னணுப் பாஸ்போர்ட் 2025-ல் சென்னைக்கும் வந்தது. அட்டைக்குள் பதித்த சிறு சில்லில் உரியவரின் விவரங்கள் அடங்கியிருப்பதால் போலி செய்வது கடினம். புத்தகத்தின் முகப்பில் பொன்னிறக் குறி ஒன்று அதை அடையாளம் காட்டும். சில்லில் ஏறுவது ஊர்ப் பதிவேட்டில் உள்ள பெயரும் தேதியுமேயாகும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட அல்லது உட்கோட்ட நடுவரின் ஆணை வேண்டும். பிறப்பைப் பதிந்தும் பெயரைச் சேர்க்காது விட்ட குடும்பங்கள் அநேகம். ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்ற அளவோடு அப்பதிவு நிற்கிறது. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்த்துக் கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும் சமயம் இதைப் பார்க்கத் தக்க சமயமாகும். மாணவருக்குப் பதினைந்து வயது நிறையாதிருந்தால் பெயர் சேர்க்க வழி உண்டு. பள்ளிப் பதிவிலுள்ள பிழையைத் தலைமையாசிரியரிடம் அப்போதே சொல்லித் திருத்திக்கொள்ளவும் கூடும். அச்சான்றிதழுக்கு மற்றொரு பயனும் உண்டு. பத்தாம் வகுப்பில் தேறியவரின் பாஸ்போர்ட்டில், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பெற வேண்டிய குடிபெயர்வு அனுமதிக் குறிப்பு இடம் பெறுவதில்லை.