சுமைகூலியை முதலில் கணக்குப் போடு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய பிஎம்டபிள்யூ எம்5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய், அடுத்த மாதம் பணம் கட்டப்போகிறாய், என் கருத்து வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் ஆசையைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2005-லிருந்து 2010 வரை வந்த அந்த இ60 மாடலின் எஞ்சின், 2005, 2006 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் உலகின் சிறந்த எஞ்சினுக்கான விருதை வாங்கியது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அந்தக் கம்பெனி வி10 எஞ்சின் செய்துகொண்டிருந்த காலம் அது. குடும்பத்தோடு போகிற நாலு கதவு வண்டிக்குள் பத்து சிலிண்டரும் 507 குதிரைசக்தியும் வைத்தார்கள். பிரிட்டனில் புதிதாக 60,000 பவுண்டுக்கு மேல் விற்ற வண்டி இன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்கு நிற்கிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் வயது ஏற ஏற விலை இறங்குவது வண்டிக்கு மட்டும்தான். அதைக் கட்டிக் காப்பாற்றும் செலவு இறங்குவதில்லை. 60,000 பவுண்டு வண்டிக்கு உரிய அளவிலேயே நிற்கும், வயதின் காரணமாக இன்னும் கொஞ்சம் ஏறவும் செய்யும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் ஊரில் சொல்வது இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும்.

ஏன் அப்படி என்று எஞ்சினுக்குள்ளேயே பார்ப்போம். சாதாரணப் பெட்ரோல் கார் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு சுற்றோடு நின்றுவிடும். இந்த எஞ்சின் 8,250 வரை போகும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரே நொடியில் 137 முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் அரைவட்டமாக இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும், அவைதான் பேரிங். தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் காவல். எண்ணெய் சூடாகுமுன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும், எண்ணெய் அளவு குறைந்தாலும், நேரத்துக்கு மாற்றாவிட்டாலும் படலம் அறுந்து உலோகம் உலோகத்தில் உரசும். கழற்றிப் பார்த்தால் வெள்ளி நிற மேற்பூச்சு போய் அடியில் செம்பு நிறம் தெரியும். அதற்குமேலும் விட்டால் பேரிங் சுழன்று ஷாஃப்டைக் கீறிவிடும்; மோசமானால் ராடே உடைந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் எஞ்சினை மாற்றும் செலவு, நீ வண்டிக்குக் கொடுத்த விலையையே நெருங்கிவிடும். இந்த எஞ்சினை நன்கு அறிந்த மெக்கானிக்குகள் பேரிங்கை, டயர் மாதிரி, தேய்வதற்கு முன்பே மாற்றவேண்டிய பொருளாகத்தான் கருதுகிறார்கள். உன்னை மயக்குகிற அந்த 8,250 சுற்றுதான் இந்தத் தேய்மானத்துக்கும் வேர். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது.

மற்ற கோளாறுகளையும் வரிசையாகப் பார், இதே கதைதான். மிதித்தவுடன் பாய வேண்டும் என்பதற்காகப் பத்து சிலிண்டருக்கும் தனித்தனித் திராட்டில் வைத்து, அவற்றைத் திறந்து மூட இரண்டு மின் ஆக்சுவேட்டர்களைப் பொருத்தினார்கள். அவற்றின் பல்சக்கரம் தேய்ந்தாலோ மின்பலகை பழுதானாலோ டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து எஞ்சின் சக்தியைச் சுருக்கிக்கொள்ளும். வால்வுகளின் நேரத்தை மாற்றும் ஏற்பாடு மிக உயர்ந்த எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. அதன் பம்பும் குழாயும் பழுதாகக்கூடியவை. ஏழு கியர் எஸ்எம்ஜி பெட்டியில் கிளட்ச் மிதி கிடையாது. ஹைட்ராலிக் பம்ப் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. பம்ப் போனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நீ இருக்கும் லண்டனின் நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தால் கிளட்ச் தட்டும் சீக்கிரம் தேயும். எதுவும் கெடாவிட்டாலும் செலவு நிற்காது. ஒரு முறை எண்ணெய் மாற்ற 9 லிட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் 10டபிள்யூ-60 என்ற விசேஷ எண்ணெய். முன் பிரேக் தட்டுகள் 374 மில்லிமீட்டர், பின் டயர்கள் 285 மில்லிமீட்டர் அகலம். கம்பெனி சொன்ன கணக்குப்படியே 100 கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர் பெட்ரோல். 70 லிட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் புறப்பட்டால் பாதி வழி தாண்டியதும் மறுபடி பங்க்கைத் தேட வேண்டும். சாலை வரியையும் பார்த்துக்கொள்: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்கும் அதற்குப்பின் பதிவான வண்டிக்கும் ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். வண்டி ஒன்றுதான், பதிவுத் தேதிதான் வேறு.

நீ என்னென்ன மறுப்புச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். குறைவாக ஓடிய வண்டியாகப் பார்த்து எடுக்கிறேன் என்பாய். இருபது வயதை நெருங்கும் வண்டிக்கு ஓடாமல் கிடப்பதும் ஒரு நோய்தான். ரப்பர் குழாய்கள் இறுகும், சீல்கள் காயும். குறைவாக ஓடியது என்றாலே பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினோடு செய்த சின்னச் சின்னப் பயணங்கள்; பேரிங்குக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்பாய். அது பிரேக், விளக்கு, டயர், புகை பார்க்கும். எஞ்சினைத் திறந்து பார்க்காது. வாரண்டி வாங்கிக்கொள்கிறேன் என்பாய். அந்த ஒப்பந்தத்தில் தேய்மானம் பற்றிய பத்தியை இரண்டு முறை படி. பேரிங் தேய்வதை அதைக் காட்டியே தட்டிக் கழிக்க இடமிருக்கும். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் டீலரிடம் வாங்கினால் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டமும் வண்டியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் தரத்தை அளக்கும். தனியாளிடம் வாங்கினாலோ அந்தக் காப்பும் கிடையாது. பல வருடமாக ஒரு கோளாறும் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் உன் மறுப்புகளில் கனமானது. இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய சர்வீஸ் பில்களை வாங்கிப் பார். கோளாறு வராதது அதிர்ஷ்டத்தால் அல்ல, வருமுன்னே செலவு செய்ததால் என்பது அதிலேயே தெரியும். அவர்களும் என் பக்கத்துச் சாட்சிகள்தான்.

அதனால் வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடிக்கப்போவதில்லை. வண்டி விலையில் பாதியை, குறைந்தபட்சம், தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு வாங்கு. அதைத் தொட்டால் வீட்டு வாடகையோ சேமிப்போ ஆட்டம் காணும் என்றால், அந்த வண்டி உனக்கு இன்னும் எட்டவில்லை என்று அர்த்தம். விலை பேசுமுன் பேரிங் மாற்றிய ரசீதைக் கேள். இருந்தால் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதே. இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழி. விற்பவர் சம்மதித்தால் எஞ்சின் எண்ணெயைச் சோதனைச்சாலைக்கு அனுப்பு. செம்பும் ஈயமும் அதிகமாகக் கலந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடு. விற்பவருக்குத் தொடர்பில்லாத, இந்த எஞ்சினில் கைபழகிய மெக்கானிக்கிடம் ஒரு முழு நாள் வண்டியைக் காட்டு. பார்க்கப் போகிற அன்று எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வை. ஸ்டார்ட் செய்ததும் சுற்றுமானியின் ஓரத்து எச்சரிக்கை விளக்குகளைக் கவனி. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அவை கீழேயே எரிந்து, சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக அணைந்து வழி விடும். அவை முழுதும் அணையும்வரை விற்பவர் எப்படி ஓட்டுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார். பொறுமையாக ஓட்டினால் இத்தனை வருடமும் அப்படித்தான் ஓட்டியிருப்பார். அப்போதே முறுக்கினால், பேரிங்கின் கதையை அவரே உனக்குச் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் சரியாக அமைந்து, அந்தத் தனிக் கணக்கும் தயாராக இருந்தால், தைரியமாக வாங்கு. முதல் சவாரிக்கு நானே பக்கத்தில் உட்காருகிறேன். அமையவில்லையென்றால் ஒரு வருடம் பொறு. வண்டி எங்கும் போய்விடாது. அந்த ஒரு வருடச் சேமிப்புதான் பின்னால் அதை நிம்மதியாக ஓட்ட உனக்குத் துணிவு தரும்.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா