பாறைப் பொருக்கும் பயிர் மண்ணும்

மேட்டு நிலங்களில் தலை நீட்டும் பாறைகளின் மேல் சாம்பல், வெண்மை, மஞ்சள் நிறங்களில் வட்டவட்டமாகப் பொருக்கு ஒட்டியிருப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். நகத்தால் சுரண்டினாலும் பெயராது. இது கறையும் அல்ல, நோயும் அல்ல. லைக்கன் என்னும் உயிரினம் ஆகும்.

இருவர் கூட்டு

லைக்கன் தனிச் செடி அல்ல. பூசணமும் பாசியும் கூடி வாழும் கூட்டு. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. பூசணம் அதற்கு இடம் கொடுத்து ஈரத்தைக் காக்கிறது. ஸ்விட்சர்லாந்து தாவர அறிஞர் ஷ்வெண்டனர் 1867-ல் இதைக் கூறியபோது பலர் ஏற்கவில்லை. பின்னர் அவர் கூற்றே சரியென்று உறுதியாயிற்று.

எவ்வளவு மெதுவாக வளரும்?

ஆல்ப்ஸ் மலை போன்ற குளிர்ப் பகுதிப் பாறைகளில் ரைசோகார்ப்பான் என்ற லைக்கன் வகை வளர்கிறது. இதில் ஓர் இனம் மஞ்சள் கலந்த பச்சைத் திட்டுக்களும் கறுப்புக் கோடுகளுமாகத் தேசப்படம் போல் இருக்கும். பொதுவாக ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலப் பொருக்குக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கலாம். இதன் அகலத்தை அளந்து, பனிப்பாறை விட்டுச்சென்ற கற்குவியல்களின் வயதைக் கணிக்கும் முறையை பெஷல் என்ற அறிஞர் 1950-ல் வெளியிட்டார்.

மண் பிறக்கும் விதம்

பூசண இழைகள் பாறையின் நுண்ணிய இடுக்குகளில் நுழைகின்றன. அவை சுரக்கும் அமிலம் கல்லைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. வெயிலும் மழையும் துணை செய்கின்றன. உதிர்ந்த துகளில் தூசி சேர்ந்து, பாசமும் புல்லும் முளைக்கின்றன. இப்படி ஓர் அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக உழுத நிலத்தில், சில கனமழைகளே அந்த மண்ணை அடித்துச் சென்றுவிடும்.

விவசாயிகள் கவனிக்க

* சரிவுக்குக் குறுக்கே உழவும். வரப்பு போட்டு, அதில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நடவும்.

* தென்னை, பாக்கு மரத் தண்டுகளில் காணும் வெண்திட்டுக்களும் பெரும்பாலும் லைக்கன்களே. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மருந்தடிப்பது வீண் செலவு.

* தென்னந்தண்டு வெடித்துச் செம்பழுப்புச் சாறு வடிந்தால் அது சாறு வடிதல் நோய். பாதித்த பகுதியைச் செதுக்கி எடுத்து, போர்டோ பசை தடவவும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற அளவில் பசையைத் தயாரிக்கலாம்.