வேப்பிலைக்கு முன்னே வரும் அம்மை

கோடை தொடங்கிவிட்டால் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். ‘அம்மை வார்த்திருக்கிறது, உள்ளே வராதீர்கள்’ என்று அதற்குப் பொருள். நம் முன்னோர் வைத்த நல்ல அறிவிப்புப் பலகை! நம்மில் பலருக்குச் சின்னம்மை என்றால் பத்து நாள் அரிப்பு, இளநீர், பிறகு தலைக்குத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுமிக்கு அதே அம்மை நுரையீரலையும் கல்லீரலையும் மூளையையும் தாக்கி, உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

காரணம் என்ன? கெட்டுப்போன வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். அவற்றை அழிக்கும் மருந்துகள், வைரஸை எதிர்த்து நிற்கும் நல்ல அணுக்களையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. தட்டம்மை இன்னும் பொல்லாதது. இக்குழந்தைகளுக்குத் தடிப்பே தோன்றாமல் நேரே நிமோனியாவாக வந்துவிடுவதும் உண்டு.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், மும்பை, டில்லி மருத்துவமனைகளிலும் 1980களில் எம்.சி.பி. 841 என்ற கூட்டு மருந்து முறை வந்தது. பிழைத்த குழந்தைகள் பெருகினர். எனினும் புற்றுநோய் அடங்கிய பின்னரும் தொற்றுநோய்க்குப் பலியானோர் உண்டு.

இங்கே ஒரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஜெர்ட்ரூட் எலியன் 15 வயதில் தம் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுக்கவே, சில காலம் பள்ளியில் வேதியியல் கற்பித்தார். இக்குழந்தைகள் இன்றும் உட்கொள்ளும் மெர்காப்டோபியூரின் அவரும் ஹிட்சிங்ஸும் கண்டது. சின்னம்மை வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிரும் அவர் குழுவின் உழைப்பே. 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து இருந்தாலும் காலம் முக்கியம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்குப் போயிருக்கும்! சிகிச்சை இரண்டாண்டுக்கு மேலும் நீளும். இடையில் அந்தச் சிறுமி வகுப்புக்கும் வருவாள். ஆகவே வகுப்பில் ஒருத்திக்கு அம்மை என்றால், அன்றே அவள் பெற்றோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தொற்றிய முதல் நான்கு நாட்களுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போட்டால் பயன் அதிகம்.

சிகிச்சைக் காலத்தில் அவளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட இயலாது, அதில் இருப்பது வலுவிழந்த உயிர் வைரஸ் என்பதால். உடன்பிறந்தாரும் தோழியரும் போட்டுக்கொள்வதே அவளுக்கு வேலி. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, வதந்தியை நம்பிப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் இந்த வேலியை நினைத்திருக்கமாட்டார்கள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு மாத்திரையோடு காத்திராமல், இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.